பேட்டரி மாத்தியாச்சு, ரிலே மாத்தியாச்சு, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகல

ஸ்கூட்டர் காலையில ஸ்டார்ட் ஆகலன்னா தெருவுல போறவங்க வரவங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை "பேட்டரி போச்சு". சொல்றவங்க மேல தப்பில்ல, நிறைய நேரம் அதுதான் இருக்கும். ஆனா அந்த பேட்டரி ஏன் போச்சுன்னு மட்டும் ஒருத்தரும் பாக்கறதில்ல, புதுசு ஒண்ணு மாட்டி அனுப்பிடறாங்க, அந்தப் புதுசும் கொஞ்ச நாள்ல அதே மாதிரி படுத்துக்குது. இந்த கோடையில எனக்கு நடந்தது இதுதான். கிட்டத்தட்ட அஞ்சாயிரம் ரூபா போச்சு, ஆபீஸ்ல சம்பளப் பிடித்தம் தனி, ராத்திரி ஹைவேல ஒத்தையா நின்னு பயந்தது தனி. கடைசில பாத்தா கோளாறு ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்ளர், அதாவது ஒயர சொருகற இணைப்பு. அதையும் ஒரு ப்ரேக் சுவிட்சையும் சேத்து சரி பண்ண ஆன மொத்தச் செலவு நானூத்தி இருபது ரூபா. யாராவது மொதல்லயே என்கிட்ட "அளந்து பாத்தியா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவ்ளோ அலைச்சல் இல்ல, அதான் இத எழுதறேன்.

வண்டி 2021ல வாங்குனது, 110 சிசி, பிஎஸ்6 (புகைய கட்டுப்படுத்தற அரசு விதி) வண்டி, அதாவது கார்புரேட்டர் இல்ல, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். இன்ஜெக்டர்னு ஒண்ணு கரண்ட்ல பெட்ரோல பீச்சும். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, இந்தக் கோளாறு எந்தக் கம்பெனி வண்டிக்கும் வரும். வீடு சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டைல ஒரு லெதர் கம்பெனில அக்கவுண்ட்ஸ். தினமும் பெருமுகை, ரத்தினகிரி, மேல்விஷாரம்னு ஹைவேலயே போய்ட்டு வரணும். பஸ் இருக்கு, ஆனா எறங்கி உள்ள நடக்கற தூரத்த இந்த ஊர் வெயில்ல நடந்து பாத்தவங்களுக்கு தான் நான் ஏன் வண்டியவே கட்டிகினு அழுவறேன்னு புரியும். வீட்டுக்காரர் ஓசூர்ல வேலை பாக்கறார், வாரக்கடைசில தான் வருவார், அதனால கேஸ் புக் பண்றதுல இருந்து தண்ணி மோட்டார் ரிப்பேர் வரைக்கும் என் தலையில தான்.

மொத அறிகுறி சித்திரை பொறந்தப்ப வந்துச்சு. காலையில செல்ஃப் அமுத்துனா வழக்கமா டக்குனு புடிக்கற வண்டி, உர்ர்ர்... உர்ர்ர்னு இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆச்சு. அப்புறம் ஒரு நாள் கவனிச்சேன், மீட்டர்ல இருக்கற கடிகாரம் தானா பன்னெண்டு மணிக்கு போய் நிக்குது. இத யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா இது நல்ல எச்சரிக்கை. செல்ஃப் மோட்டார் சுத்தற அந்த நொடில வோல்டேஜ் ரொம்ப கீழ எறங்குதுன்னு அர்த்தம், அந்த எறக்கத்துல மீட்டர் அணைஞ்சு திரும்ப எரியுது, அதனால டைம் ரீசெட் ஆகுது. உங்க வண்டில அடிக்கடி டைம் மாறிப்போச்சுன்னா கடிகாரம் கெட்டுடுச்சுன்னு விட்டுடாதீங்க. எனக்கு அடுத்த கட்டமும் சீக்கிரமே வந்துச்சு, செல்ஃப் அமுத்துனா "டக் டக் டக் டக்"னு பல்லி கத்தற மாதிரி ஒரு சத்தம், மீட்டர் லைட் மங்குது, வண்டி அசையல. கிக் அடிச்சு அடிச்சு எடுத்தேன், சேலை கட்டிகினு கிக் அடிக்கற கொடுமைய தனியா சொல்ல வேண்டியதில்ல.

இந்த சத்தத்த வெச்சே பாதி விஷயம் தெரிஞ்சிக்கலாம், இது எனக்கு ரொம்ப பின்னாடி தான் தெரிஞ்சது. டக்டக்டக்னு வேகமா அடிச்சு மீட்டர் லைட்டும் மங்குனா ரிலே (பேட்டரி கரண்ட செல்ஃப் மோட்டாருக்கு திருப்பி விடற சுவிட்ச்) வேலை செய்யுது, ஆனா மோட்டார சுத்த வைக்கற அளவு கரண்ட் வரல, அப்போ பேட்டரில சார்ஜ் இல்ல, இல்லன்னா டெர்மினல் (பேட்டரில ஒயர் மாட்டற முனை) லூஸ். ஒரே ஒரு தடவ "டக்"னு கேட்டு லைட் மங்கவே இல்லன்னா ரிலேவோட உள்பக்கமோ, செல்ஃப் மோட்டாரோ, மோட்டாருக்கு போற ஒயரோ பாக்கணும். சத்தமே இல்ல, ஆனா மீட்டர் பளிச்சுனு எரியுது, ஹாரனும் நல்லா அடிக்குதுன்னா பேட்டரி பக்கமே போகாதீங்க, அது சுவிட்ச் சம்பந்தப்பட்டது. சாவி போட்டா எதுவுமே எரியலன்னா மொதல்ல ஃப்யூஸ், அப்புறம் பேட்டரி டெர்மினல். இன்ஜெக்‌ஷன் வண்டில இன்னொண்ணு இருக்கு, சாவி போட்டதும் சீட்டுக்கு அடியில இருந்து ரெண்டு மூணு செகண்ட் "உய்ங்"னு ஒரு மெல்லிய சத்தம் வரும், அது பெட்ரோல் பம்ப். அந்த சத்தம் வரலன்னா செல்ஃப் எவ்ளோ சுத்துனாலும் வண்டி புடிக்காது. இத நல்லா இருக்கற காலத்துலயே ஒரு நாள் அமைதியா நின்னு கேட்டு வெச்சிக்கங்க, அப்போ தான் இல்லாதப்ப இல்லன்னு தெரியும்.

சரி, கதைக்கு வரேன். வீட்டுக்கு பக்கத்துல இருக்கற மெக்கானிக் கிட்ட தள்ளிகினு போனேன். அவர் செல்ஃப ஒரு தடவ அமுத்திப் பாத்தார், அவ்ளோதான், "பேட்டரி வீக்குமா, மாத்திடலாம்"னுட்டார். மூணு வருஷத்துக்கு மேல ஓடுன பேட்டரி, நானும் சரின்னேன். ஆயிரத்தி எழுநூத்தி அம்பது ஆச்சு. வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆச்சு, எனக்கும் ஒரே சந்தோஷம். இன்னிக்கும் அந்த பழைய பேட்டரி நெஜமாவே செத்துப் போயிருந்துச்சான்னு எனக்கு சந்தேகம் தான், ஆனா வேலூர் வெயில்ல ஒரு ஸ்கூட்டர் பேட்டரி மூணு வருஷம் தாங்குனாலே பெருசு, சூடு அதிகமாக ஆக பேட்டரிக்கு ஆயுசு கம்மி, அதனால அந்த ஒரு செலவ மட்டும் நான் வீண்னு முழுசா சொல்ல மாட்டேன். கோவம் எதுக்குன்னா, பேட்டரி மாத்துன கையோட வண்டி அத திரும்ப சார்ஜ் பண்ணுதான்னு ஒரு ரீடிங் எடுத்துப் பாக்க ஒரு நிமிஷம் தான் ஆகும், அத அவர் செய்யல.

பேட்டரி மாத்தறவங்க இத கேட்டு வாங்குங்க. பழைய பேட்டரிய எடுத்துக்கறாங்கன்னா அதுக்கு ஒரு தொகை கழிக்கணும், உள்ள ஈயம் இருக்கு, சும்மா கொடுக்கற பொருள் இல்ல. வாரண்டி கார்டுல தேதி, சீரியல் நம்பர், கடை சீல் மூணும் இருக்கணும், பில்லுல வண்டி நம்பரும் போட்டு வாங்குங்க. கழட்டும்போது நெகடிவ் மொதல்ல, மாட்டும்போது நெகடிவ் கடைசில, இல்லன்னா ஸ்பேனர் பாடில பட்டு பொறி பறக்கும். அதுக்கப்புறம் அங்கயே நின்னு "சார்ஜிங் எவ்ளோ வருதுன்னு மீட்டர் வெச்சு காமிங்க அண்ணா"ன்னு கேளுங்க. கொஞ்சம் மொறைப்பாங்க, பரவால்ல.

புது பேட்டரி போட்டு சில வாரம் பிரச்சனை இல்ல. அப்புறம் ஒரு சாயங்காலம் ஆபீஸ் பார்க்கிங்ல செல்ஃப் அமுத்துனா சத்தமே இல்ல. டக்டக் கூட இல்ல, பொணம் மாதிரி கெடக்குது. மீட்டர் எரியுது, ஹாரன் அடிக்குது. வாட்ச்மேன் தாத்தா வந்து "இன்னாமா, பெட்ரோல் இருக்கா"ன்னு கேக்கறார், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வருது. கொஞ்ச நேரம் கழிச்சு தானா ஸ்டார்ட் ஆச்சு. மறுநாள் நல்லா இருந்துச்சு, அதுக்கு அடுத்த நாள் திரும்ப அதே. ஆபீஸ்ல ஒரு தம்பி, அவனுக்கு தெரிஞ்ச மெக்கானிக் மேல்விஷாரம் பக்கம்னு இட்டுகினு போனான். அங்க "ரிலே போச்சு அக்கா"ன்னு மாத்துனாங்க, ரிலே ஐநூத்தி அம்பது, கூலி நூத்தி அம்பது, ஆக எழுநூறு. மாத்தும்போது பிரேக்க புடிச்சு அமுத்துனாங்க, ஸ்டார்ட் ஆச்சு, நானும் ரிலே தான் போலன்னு நம்பி வந்துட்டேன்.

அது ரிலே இல்ல. ஸ்கூட்டர்ல பிரேக் லிவர புடிச்சா தான் செல்ஃப் வேலை செய்யும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா லிவர புடிச்சது வண்டிக்கு எப்படி தெரியுதுன்னா, லிவருக்கு அடியில நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு, அதே சுவிட்ச் தான் பின்னாடி பிரேக் லைட்டையும் எரிய வைக்குது. அந்த சுவிட்ச்ல தூசி, மழைத்தண்ணி, துரு ஏறுச்சுன்னா நீங்க எவ்ளோ அழுத்தி புடிச்சாலும் வண்டிக்கு நீங்க பிரேக்கே புடிக்கலன்னு தான் அர்த்தம், செல்ஃப் பேசாது. கண்டுபுடிக்கறது ரொம்ப ஈஸி. சாவி போட்டு பிரேக் புடிங்க, பின்னாடி செவுத்துல செவப்பு வெளிச்சம் விழுதான்னு பாருங்க, இல்ல போன் கேமராவ பின்னாடி நீட்டி பாருங்க. லைட் எரியலன்னா பல்பு போயிருக்கலாம், அதனால அடுத்த பிரேக் லிவரையும் புடிச்சு பாருங்க. ஒண்ணுல எரிஞ்சு ஒண்ணுல எரியலன்னா சுவிட்ச் தான். எரியற லிவர புடிச்சுகினு செல்ஃப் அமுத்துனா அன்னிக்கு வீடு வந்து சேரலாம், சில வண்டில ஒரு பக்க லிவர் மட்டும் தான் செல்ஃபுக்கு கணெக்‌ஷன் இருக்கும், அதையும் பாத்துக்கங்க. சைடு ஸ்டாண்டும் அதே மாதிரி, இப்போ வர நிறைய வண்டில ஸ்டாண்ட் போட்டிருந்தா எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, ஸ்டாண்ட் கிட்ட சேறு அடைச்சு அந்த சென்சார் மாட்டிகினா ஸ்டாண்ட எடுத்தாலும் எடுக்காத கணக்கு தான்.

ஆக என் வண்டில ஒரே நேரத்துல ரெண்டு நோவு. ஒண்ணு சுவிட்ச், அது வரும் போகும். இன்னொண்ணு சார்ஜிங், அது உள்ளுக்குள்ள மெதுவா அரிச்சுகினே இருந்துச்சு. ரெண்டும் சேந்து எல்லாரையும் குழப்பிடுச்சு, ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு தலை தூக்கும், மெக்கானிக்குக்கு போன தடவ சொன்ன அறிகுறி வேற, இந்த தடவ சொல்றது வேற. நான் போன்ல ஒரு நோட் போட்டு எந்த நாள் என்ன சத்தம், லைட் மங்குச்சா இல்லையான்னு எழுத ஆரம்பிச்சேன், அது தான் பின்னாடி உதவுச்சு.

பெரிய அடி ரத்தினகிரி பக்கத்துல விழுந்துச்சு. மாசக் கடைசி, ஜிஎஸ்டி வேலை, ஆபீஸ்ல இருந்து கெளம்பவே இருட்டிடுச்சு. வந்துகினு இருக்கும்போதே ஹெட்லைட் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளா ஆகுது, இண்டிகேட்டர் போட்டா வெளிச்சம் இன்னும் குறையுது, ஆக்சிலேட்டர் கொடுத்தா திக்குது. மலை மேல முருகன் கோயில் லைட் மட்டும் பளபளன்னு தெரியுது, என் வண்டி ரோட்டு ஓரத்துல நின்னுடுச்சு. செல்ஃப் டக்டக் கூட இல்ல. கிக் அடிச்சா சுத்துது, புடிக்கல, பம்ப் சத்தம் வரல. பெங்களூர் லாரிங்க போற காத்துல வண்டியே ஆடுது. பைக்ல வந்த ரெண்டு பசங்க நின்னு "அக்கா நாங்க தள்றோம், நீங்க உக்காருங்க"ன்னு நல்ல மனசோட கொஞ்ச தூரம் தள்ளுனாங்க. பாவம் பசங்க. கியர் வண்டி தான் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், ஸ்கூட்டர்ல பெல்ட்டும் க்ளட்ச்சும் இருக்கற அமைப்புல வீல் சுத்தறது எஞ்சினுக்கு போய் சேராது, எத்தன கிலோமீட்டர் தள்ளுனாலும் நடக்காது. அவங்க போனதும் அழுதுட்டேன், மறைக்க ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரருக்கு போன் போட்டா அவரு ஓசூர்ல இருந்து "பேட்டரி புதுசு தானே"ன்னு கேக்கறார், எனக்கு வந்த கோவத்துக்கு போன வெச்சுட்டேன். கடைசில பெட்ரோல் பங்க்ல இருந்த ஒருத்தர் சொல்லி ஒரு குட்டி யானை வந்துச்சு, ஏத்தி சத்துவாச்சாரில எறக்க எண்ணூறு ரூபா. டிரைவர் அண்ணன் வழியெல்லாம் தைரியம் சொல்லிகினு வந்தார். நம்ம ஊர பத்தி பழைய பேச்சு ஒண்ணு சொல்வாங்களே, ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு, அந்த வரிசைல சார்ஜ் இல்லாத ஸ்கூட்டரையும் சேத்துக்கலாம்னு அவர் சொன்னப்ப தான் அன்னிக்கு மொத தடவயா சிரிச்சேன்.

ஓடற வண்டி ஏன் நின்னுச்சுன்னு அப்போ புரியல. பழைய கார்புரேட்டர் வண்டிங்க நிறைய பேட்டரியே இல்லாம கூட கிக்ல ஓடும், நம்ம அப்பா காலத்து ஆளுங்க அதனால தான் "பேட்டரி போனா இன்னா, கிக் அடி"ன்னு சாதாரணமா சொல்வாங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பிஎஸ்6 வந்து ஸ்கூட்டர் எல்லாம் இன்ஜெக்‌ஷன் ஆயிடுச்சு, பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ (எஞ்சினோட கம்ப்யூட்டர்) எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். போதாததுக்கு 2017 ஏப்ரல்ல இருந்து ஹெட்லைட்ட அணைக்கற சுவிட்சே கிடையாது, எஞ்சின் ஓடுனா லைட் எரியும். ஆக எஞ்சின் ஓட ஓட மேக்னெட்டோ (எஞ்சினோட சேந்து சுத்தற ஜெனரேட்டர்) கரண்ட் தயாரிச்சு அத ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) டிசியா மாத்தி பேட்டரிக்கு கொடுத்துகினே இருக்கணும், அது கொறைஞ்சா வண்டி பேட்டரிய தின்னுகினே ஓடும், தின்னு முடிச்சதும் நடுரோட்ல நிக்கும். புது பேட்டரி போட்டது அந்த சாப்பாட்ட கொஞ்சம் கூட்டி வெச்ச கதை, அவ்ளோதான்.

ராத்திரில தனியா வர பொண்ணுங்களுக்கு ஒண்ணு. உங்க இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, நிறைய பேர் காசு கட்டியே வெச்சிருப்போம், பேரு கூட தெரியாது. இருந்தா அந்த நம்பர போன்ல போட்டு வைங்க. ஓடும்போது ஹெட்லைட் மங்க ஆரம்பிச்சா "வீட்டுக்கு போய்டலாம்"னு ஓட்டாதீங்க, ஆள் நடமாட்டம் இருக்கற பங்க்லயோ டீக்கடைலயோ நிறுத்திட்டு யோசிங்க, ஒரு தடவ அணைஞ்சா திரும்ப எடுக்க முடியாது. கார் பேட்டரில இருந்து ஜம்ப் கொடுக்கறேன்னு யாராவது உதவிக்கு வந்தா கார் எஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும்னு சொல்லுங்க.

அடுத்து சர்வீஸ் சென்டர். எந்த சென்டர்னு வேணாம். பேட்டரிய ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, பிளக் மாத்தி, த்ராட்டில் பாடி க்ளீன் பண்ணி ஆயிரத்தி இருநூத்தி நாப்பது பில் போட்டாங்க. சார்ஜ் போட்ட பேட்டரி, ஸ்டார்ட் ஆகாம இருக்குமா, சூப்பரா ஆச்சு. ரெண்டு நாள்ல திரும்ப அதே டக்டக். திரும்ப போனா கவுண்டர்ல இருந்த தம்பி கம்ப்யூட்டர பாத்துகினே "மேடம் ஈசியூ டவுட்டா இருக்கு, மாத்தி பாக்கலாம், எட்டாயிரத்து ஐநூறு வரும்"னான். மாத்தி பாக்கலாம்! அது சரியில்லன்னா திரும்ப எடுத்துப்பியான்னு கேட்டேன், எலக்ட்ரிகல் பார்ட் ரிட்டர்ன் இல்ல மேடம்னான். என் காச வெச்சு அவன் சோதனை பண்றான்னு அப்போ தான் உறைச்சுது. சார்ஜிங் வோல்டேஜ் எவ்ளோன்னு எழுதி கொடுன்னேன், குட்டி யானை டிரைவர் அண்ணன் தான் அந்த வார்த்தைய என் காதுல போட்டு விட்டிருந்தார். அந்தத் தம்பி உள்ள போனவன் வரவே இல்ல. வண்டிய எடுத்துகினு வந்துட்டேன்.

அதே டிரைவர் அண்ணன் சொன்ன இடம் தான் கடைசில காப்பாத்துச்சு. பழைய பஸ் ஸ்டாண்ட் தாண்டி, லாரிக்கும் ஆட்டோவுக்கும் செல்ஃப், டைனமோ வேலை பாக்கற ஒரு எலக்ட்ரீஷியன் பாய். கடைன்னு சொல்ல முடியாது, ஒரு தகர ஷெட்டு, தரையெல்லாம் காப்பர் கம்பி துண்டு. ஸ்கூட்டர் பாப்பீங்களா பாய்னு தயங்கி தான் கேட்டேன். "கரண்ட்டுக்கு லாரி, ஸ்கூட்டர்னு தெரியுமாமா"ன்னார். என் நோட்ட படிச்சு காமிச்சேன், ரெண்டாவது வரிலயே கைய காட்டி நிறுத்த சொன்னார். "சத்தமே வரலன்னு சொன்னது வேற, டக்டக்னு சொன்னது வேற. ரெண்டு வேலை கீது."

வோல்டேஜ் அளக்கற மீட்டர எடுத்து பேட்டரில வெச்சார், 12.1 வோல்ட். நல்லா சார்ஜ் ஆன பேட்டரி எஞ்சின் ஆஃப்ல கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா 12.6க்கு மேல காட்டணும், 12.1னா பாதிக்கு கீழன்னு சொன்னார். கிக் அடிச்சு ஸ்டார்ட் பண்ணி என்னைய ஆக்சிலேட்டர் கொடுக்க சொன்னார், 12.3, 12.2, ஒரு நொடி 13.4 போய் திரும்ப 12.3. நல்ல வண்டில ஆக்சிலேட்டர் கொடுத்தா 14 பக்கத்துல ஏறி நிக்கணும், 15 தாண்டவும் கூடாது. அப்புறம் முன்னாடி பேனல கழட்டி கைய உள்ள விட்டு ஒயர் கட்ட ஒவ்வொண்ணா ஆட்டுனார், ஒரு இடத்துல ஆட்டும்போது மட்டும் மீட்டர் 14.1க்கு குதிச்சு உடனே எறங்குச்சு. "இந்தாமா, உன் எட்டாயிரத்து ஐநூறு"ன்னு சிரிச்சார்.

ஆர்ஆர் யூனிட்ல சொருகற கப்ளர். வெள்ளையா இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு ஓரத்துல காபி கலர்ல சுருங்கி இருந்துச்சு. கையால இழுத்தா வரல, நோஸ் ப்ளையர் வெச்சு ஆட்டி ஆட்டி தான் வந்துச்சு, வந்ததும் கருகுன வாசனை. மேக்னெட்டோல இருந்து மூணு மஞ்சள் ஒயர் வருது, அதுல ரெண்டு பின் பளபளன்னு இருக்கு, மூணாவது பின் கறுப்பா, மேல பச்சையா பாசி புடிச்ச மாதிரி, பின்ன சுத்தி பிளாஸ்டிக் உருகி வழிஞ்சிருக்கு. பின் கொஞ்சம் லூஸ் ஆனா அங்க சூடாகும், சூடானா இன்னும் லூஸ் ஆகும், தண்ணி போனா துரு வேற. மூணுல ஒண்ணு சரியா தொடாததால சார்ஜிங் வரதும் போறதுமா இருந்திருக்கு, அதனால தான் பேட்டரி ஒரே நாள்ல சாகாம வாரக்கணக்கா இழுத்து செத்திருக்கு. புது கப்ளர் வெச்சு, கருகுன ஒயர வெட்டிட்டு நல்ல ஒயர் எடுத்து பின் அமுக்கி, ஸ்லீவ் போட்டு சூடு பண்ணி மூடுனார். மீட்டர் வெச்சா 14.2. ஆக்சிலேட்டர விட்டா 13க்கு மேலயே நிக்குது. பிரேக் சுவிட்ச ஸ்க்ரூ டிரைவரால ஒரு தட்டு தட்டி எரிய வெச்சு காமிச்சு, அதையும் புதுசு மாத்துனார். எல்லாம் சேத்து நானூத்தி இருபது. ஐநூறு கொடுத்தேன், மீதி எண்பத எண்ணி கைல கொடுத்துட்டார்.

அந்த கப்ளர மாட்டறதுக்கு முன்னாடி அவர் இன்னொரு சோதனையும் பண்ணார், தெரிஞ்சு வெச்சிக்கலாம். மேக்னெட்டோ நல்லா இருக்கான்னு பாக்க, எஞ்சின் ஓடும்போது அந்த மூணு மஞ்சள் ஒயர்ல ரெண்டு ரெண்டா ஏசி வோல்டேஜ் பாத்தார், மூணு ஜோடியிலயும் ஒரே அளவு வரணுமாம், ஒரு ஜோடி மட்டும் கம்மின்னா காயில் போச்சு. எஞ்சின் ஆஃப் பண்ணிட்டு அதுல எந்த ஒயருக்கும் பாடிக்கும் நடுவுல கன்டினியூட்டி சத்தம் (ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடுதுன்னு மீட்டர் போடற சத்தம்) வரக் கூடாது, வந்தா காயில் பாடில இடிக்குது. இது நல்லா இருந்து, கப்ளர்களும் நல்லா இருந்து, பேட்டரில மட்டும் 14 வரலன்னா தான் ஆர்ஆர் யூனிட்ட சந்தேகப்படணும். பாருங்க, இந்த வரிசைல ஈசியூ பேச்சே வரல.

ஒரு பழைய டெக்னிக் இருக்கு, சில மெக்கானிக் இன்னும் பண்றாங்க, எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயர கழட்டி வண்டி அணையுதான்னு பாத்து சார்ஜிங் செக் பண்றது. இன்ஜெக்‌ஷன் வண்டில இத பண்ண விடாதீங்க, அந்த நொடில வோல்டேஜ் எகிறி ஈசியூவே போக வாய்ப்பு இருக்கு, அப்போ நெஜமாவே அந்த எட்டாயிரத்து ஐநூறு செலவு வரும். அதே மாதிரி ஃப்யூஸ் போனா அதே ஆம்பியர்ல தான் மாத்தணும், 10 ஆம்பியர் செவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஃப்யூஸ் இல்லன்னு காப்பர் கம்பிய சுத்தி விடறவங்க உண்டு, திரும்ப ஷார்ட் ஆனா ஃப்யூஸுக்கு பதிலா ஒயர் தான் எரியும். ஒரே ஃப்யூஸ் திரும்பத் திரும்ப போச்சுன்னா எங்கயோ ஒயர் உரசுது, இல்ல எலி கடிச்சிருக்கு, அத தேடணும். செல்ஃப அஞ்சு செகண்டுக்கு மேல ஒரே அமுத்தா அமுத்தாதீங்க, விட்டு பத்து செகண்ட் கழிச்சு திரும்ப பாருங்க. டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா வெந்நில துணி நனைச்சு தொடைச்சு, காஞ்சதும் டைட் பண்ணி மேல கொஞ்சம் வாஸ்லின் தடவி விடுங்க.

கப்ளர்ல பச்சை புடிச்சதுக்கு காரணம் கேட்டப்ப பாய் கேட்ட மொத கேள்வி "வாட்டர் வாஷ் எங்கமா பண்றீங்க". சர்வீஸுக்கு விட்டா அவங்களே பிரஷர் கன் வெச்சு மூக்குப் பக்கம் பேனல் இடுக்குல எல்லாம் அடிக்கறாங்க. இப்போல்லாம் நான் விடும்போதே "முன்னாடி பேனல் உள்ளயும் ஹேண்டில் பாருக்கு அடியிலயும் கன் வேணாம்"னு சொல்லி ஜாப் கார்டுல எழுத வைக்கறேன்.

கணக்கு பாத்தா பேட்டரி 1,750, ரிலே 700, சர்வீஸ் 1,240, குட்டி யானை 800, பாய் 420, ஆக 4,910. இதுல நோவுக்கு மருந்தா போனது கடைசி நானூத்தி இருபது மட்டும் தான். ஏமாத்தணும்னு நெனச்சு எல்லாரும் பண்ணதா நான் நெனைக்கல, பக்கத்து மெக்கானிக் நல்ல மனுஷன், பஞ்சர்னா காசே வாங்க மாட்டார். ஆனா எஞ்சின் வேலை தெரிஞ்சவங்க எல்லாருக்கும் கரண்ட் வேலை தெரியும்னு இல்ல. செல்ஃப், லைட், சார்ஜிங் பிரச்சனைன்னா மொதல்லயே ஆட்டோ எலக்ட்ரிகல் போர்டு போட்ட கடைக்கு போங்க, நம்ம வேலூர், ஆற்காடு, வாலாஜா எங்க பாத்தாலும் லாரிக்காகவே அந்த கடைங்க இருக்கும். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் நானூறு ரூபாய்க்கு வாங்குனேன். டிசி 20 வோல்ட்ல வெச்சு, செவப்பு முனை ப்ளஸ்ல, கறுப்பு முனை மைனஸ்ல, அவ்ளோதான் வேலை, பத்தாவது படிக்கற என் பொண்ணே பாத்துடறா.

பேட்டரி விஷயம் மட்டும் இன்னும் முடியல. புது பேட்டரிய அத்தன தடவ அடி வரைக்கும் காலி பண்ணதால அதோட ஆயுசு கொறைஞ்சிருக்கும்னு பாய் சொல்லிட்டார், வாரண்டி முழுக்க ஓடாதுன்னு தான் அவர் கணக்கு. ஞாயித்துக்கெழமை காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ரீடிங் எடுத்து நோட்ல எழுதறேன், இப்போதைக்கு 12.5 காட்டுது, சார்ஜிங் 14.2லயே நிக்குது. ஐப்பசி மழை தாண்டறதுக்குள்ள 12.3க்கு கீழ எறங்குனா, சார்ஜிங் சரியா இருக்குன்னு பாய் கிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்கிகினு பேட்டரி கடைக்கு போகணும், ஏன்னா வண்டி சார்ஜ் பண்ணலன்னு சொல்லி தான் வாரண்டிய மறுப்பாங்களாம். பில்லும் கார்டும் பீரோல பத்திரமா இருக்கு.